சிறாப்பர் சொல்லாதது

அன்று அந்த வீட்டின் முன்மண்டபத்தில் ஆறு பேர் இருந்தார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரி சீதேவி. புருசனை இழந்து ஒன்பது வருடம். அவளுடைய ஒரே மகள் இராசமலர், பதினெட்டு வயது. சீதேவியின் மூத்த தமையன் தங்கத்துரை, தோணிக் கம்பனியின் தலைவர். தம்பி கதிரவேல், அதே கம்பனியின் தோணிகளைக் கடலில் நடத்துகிறவன். மூதூரிலிருந்து வந்திருந்த அபூதாஹிர் ஓடாவியார், மரம் அறுத்துத் தோணி கட்டுகிறவர். கொழும்பிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்து இறங்கிய கனகரத்தினம், வங்கியின் சிறாப்பர். இவர்களைத் தவிர வேறொருவரும் இருக்கவில்லை. 1941ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று யன்னல் சீலையை உள்ளே தள்ளித் தள்ளி அடித்துக்கொண்டிருந்தது.

திருகோணமலைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண்பிள்ளைகள் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாயின் வீடு மகளுக்கும், அவளிடமிருந்து அவள் மகளுக்கும் போகும். தங்கத்துரையும் இரண்டு தெரு தள்ளி மனைவி வீட்டில்தான் இருந்தார். ஆனால் தகப்பன் காலத்திலிருந்தே கம்பனியின் மேசையும் கதிரைகளும் அலுமாரியும் இந்த முன்மண்டபத்தில்தான் கிடந்தன. தங்கைச்சியின் வீட்டில் அவர் விருந்தாளி. ஆனாலும் அந்த வீட்டில் ஒரு கதிரையை நகர்த்துவதென்றாலும் அவரைக் கேட்காமல் நகர்த்துவதில்லை.

சிறாப்பர் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்றைய வங்கிகளில் வெள்ளைக்காரத் துரை எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பதில்லை. சிறாப்பரின் முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார். யார் நாணயமானவன், யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று சொல்வது சிறாப்பரின் வேலை. சொன்ன சொல்லுக்குத் தன் சொத்தையே பிணையாக வைத்திருப்பார். ஆகவே சிறாப்பர் ஒரு வீட்டுக்கு வந்தால், வங்கியே வந்து கதிரையில் இருப்பதாகத்தான் கணக்கு.

சீதேவி இடியப்பமும் பாரைமீன் சொதியும் வைத்தாள். கனகரத்தினம் மூன்றாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

“கொழும்பில இடியப்பம் இல்லையோ, சிறாப்பர் ஐயா?” என்று கேட்டாள் இராசமலர்.

“இருக்குது பிள்ளை. துரைமாரின்ர முகத்தில முழிச்சிட்டு வந்து இருந்தா இறங்காது.”

“அப்ப இஞ்ச சின்ன மாமாவின்ர முகத்தைப் பாத்தே இவ்வளவும் இறங்கினது?”

“பிள்ளை, உள்ளுக்குப் போ,” என்றார் தங்கத்துரை. அவள் போகவில்லை; கதவு நிலையோடு நின்றுகொண்டாள். நிலாவெளிப் பள்ளிக்கூடத்துத் தலைமை உபாத்தியாயர் இராசநாயகம் தன் மகனுக்கு அவளைக் கேட்டு, வருகிற வைகாசியில் கல்யாணம் என்று பேச்சாகியிருந்தது. பேச்சில் முதல் வார்த்தை இந்த வீடுதான். மாப்பிள்ளை வந்து இருக்கப்போகிற வீடு.

கம்பனியைப் பெருப்பிக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாறுபாடில்லை. யுத்தம் வந்ததிலிருந்து துறைமுகம் நித்திரை கொள்ளவில்லை. கடற்படையின் டொக்யாட்டுக்குச் சீமெந்து, பலகை, தகரம்; சீனன்குடாவில் வேலை செய்கிற ஆயிரக்கணக்கான கூலியாட்களுக்கு அரிசி. எல்லாம் கப்பலிலிருந்து கரைக்கு வரவேண்டும். மூதூர், தோப்பூர்ப் பக்கத்து நெல்லும் கொட்டியாரக் குடாவைக் கடந்துதான் நகரத்துக்கு வரவேண்டும். கம்பனியிடம் இருந்ததோ நாலு பழைய பாய்த்தோணிகள். எதை வாங்குவது என்பதுதான் அன்றைய கதை.

அபூதாஹிர் வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “ஆறு தோணி, ஐயா. தம்பலகாமத்தில மரம் சொல்லி வெச்சிருக்கன். தை பிறக்க மூண்டு தண்ணியில இறங்கும். மத்த மூண்டும் சித்திரைக்கு. நான் வாய்ப்பேச்சுக்காரன் இல்லை, உங்கட தகப்பனாரின்ர காலத்துத் தோணி இண்டைக்கும் ஓடுது.”

“காத்துக்கு நாங்கள் கூலி குடுக்கத் தேவையில்லை, அண்ணை,” என்றான் கதிரவேல். “கச்சானுக்கு மூதூரில இருந்து நெல்லோட வாறம். வாடைக்கு இஞ்ச இருந்து சீமெந்தோட போறம். திரும்புற பக்கம் தண்டு வலிக்கப் பெடியள் இருக்கிறாங்கள். வேற என்ன வேணும்?”

தங்கத்துரை தம்பியைப் பார்க்காமலே சிறாப்பரின் பக்கம் திரும்பினார்.

“தோணியளைப் பற்றித் துரை என்ன நினைக்கிறார்?”

கனகரத்தினம் கையைக் கழுவி, துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “துரை ஒண்டும் சொல்லேல்லை. நான் சொல்லுறது என்ர கதை. மரத்தோணி எண்டா அவையளுக்கு என்னெண்டு விளங்கும்? நம்பர் இல்லை, பதிவில்லை. புழு அரிக்கும். இரும்பெண்டா ஒரு கடதாசி இருக்கும், அதில எத்தினை அடி, எத்தினை குதிரை வலு எண்டு எழுதியிருக்கும். துரைக்கு அது விளங்கும்.” கொஞ்சம் நிறுத்தினார். “கொழும்பில ஒரு டக்கு நிக்குது. தோணியளைக் கட்டி இழுக்கிற நீராவிக் கப்பல். ஒரு கம்பனி நொடிச்சுப்போய் அது பாங்கின்ர கையில கிடக்குது. சும்மா கதைக்குச் சொன்னனான்.”

“அப்ப பாங்குக்குத் தலையிடியாக் கிடக்கிறதை எங்கட தலைக்கு மாத்தப் போறியளோ?” என்றான் கதிரவேல்.

“கதிரவேல், வீட்டுக்கு வந்த ஆளோட கதைக்கிற கதையோ இது?”

“நான் சிறாப்பர் ஐயாவைச் சொல்லேல்லை, அண்ணை. டக்கைச் சொன்னனான். அதின்ர விலைக்குப் பத்துத் தோணி கட்டலாம். நிலக்கரி வேணும், எஞ்சின்காரன் வேணும். பாங்கு தோணிக்குத் தராட்டிப் பரவாயில்லை. தோப்பூர் பக்கீர் முதலாளி தாறன் எண்டு என்னட்டையே சொன்னவர். ஈடு வைக்க வீட்டு உறுதியும் அவருக்கு வேண்டாம். தன்ர நெல்லை முதல் ஏத்தினாப் போதுமாம்.”

தங்கத்துரையின் முகம் இறுகியது. “முப்பது வருசமா எங்களுக்கு ஒரே ஒரு பாங்கு. எங்கட ஐயா செத்தண்டைக்குத் துரை தன்ர கையால கடிதம் எழுதினவர். பத்து வருசத்துக்கு முந்தின பஞ்சத்தில ஊரில இருந்த அத்தினை கம்பனியிட்டயும் கடனைத் திருப்பிக் கேட்டவை. எங்களிட்ட ஒரு சதம் கேக்கேல்லை. இப்ப நான் பக்கீரின்ர வாசலில போய் நிண்டன் எண்டு துரையின்ர காதில விழுந்தா, என்ன நினைப்பார்?”

“அப்ப பாங்கையே கேப்பம். ஒரு கடிதம் எழுதுவம். ஆறு தோணிக்குத் தருவியளோ, இல்லையோ எண்டு.”

“ஒருத்தரின்ர மனசு தெரிஞ்ச பிறகு கேக்கிறது, அவரைச் சங்கடப்படுத்திறது.”

அவர் மறுபடி சிறாப்பரிடம் திரும்பினார். “துரைக்கு எது சந்தோசமாயிருக்கும்?”

“அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, ஐயா,” என்றார் கனகரத்தினம். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தங்கத்துரை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அபூதாஹிருக்கும் விளங்கிவிட்டது. “அப்ப நான் வள்ளத்துக்குப் போறன், ஐயா, காத்துக் கூடமுன்னம்,” என்று எழும்பினார். மரத்தின் கணக்கு எழுதிய கடதாசியை மேசையில் வைப்பதா, கொண்டு போவதா என்று ஒரு கணம் யோசித்து, மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

டக்கின் விலைக்கு வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடு வைக்க வேண்டியிருந்தது. உறுதி சீதேவியின் பெயரில். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள்.

“அண்ணை, அம்மா இதை இராசமலருக்கெண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினவ.”

“இராசமலருக்குத்தான். நான் உயிரோட இருக்க இந்த வீடு எங்க போகும்?”

 தகப்பன் போன பிறகு தமையன் சொன்னதற்கு மேல் சொல் வைத்துப் பழகியவளல்ல. கதிரையின் நுனியில் இருந்து, பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தில், சாய்வில்லாமல், தன் பெயரை முழுக்க எழுதினாள்.

டக்குக் கப்பல் கார்த்திகை மழையோடு வந்தது. கூண்டுபோல ஒரு கட்டுமானம், கறுத்த நீண்ட புகைபோக்கி, பக்கமெல்லாம் சிவப்புத் துரு. உள்துறைமுகத்துக்குள் அது நுழைந்தபோது இருமிக்கொண்டே வந்தது. இராசமலர் அதற்குக் ‘கிழவி’ என்று பெயர் வைத்தாள். “பெரிய மாமா, உங்கட கிழவிக்கு மல்லித்தண்ணி அவிச்சு அனுப்பவோ?” என்று கேட்டாள். தங்கத்துரை அன்று சிரித்தார். மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு சுங்கத் துறையில் நின்று, அதன் கடதாசியிலிருந்த அடிக்கணக்கையும் குதிரை வலுவையும் வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார்.

இரண்டு மாதம் கிழவி நன்றாகத்தான் உழைத்தாள். ஒரே இழுவையில், ஊராரின் தோணிகளும் சேர்த்து, நாலு தோணியை இழுத்தாள். மாசியில் சிங்கப்பூர் விழுந்தது. அதன்பிறகு நிலக்கரி ஒரு கூடையானாலும் கடற்படையின் அனுமதிச் சீட்டில்லாமல் கிடைக்காது என்று வந்தது. சீட்டு டொக்யாட்டின் சொந்தக் கப்பல்களுக்குத்தான். கதிரவேல் ஒவ்வொரு காலையும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்றான். பத்து மணி வெயிலுக்குத் திரும்பி வருவான். எஞ்சின்காரனுக்குச் சம்பளம் போனது. கிழவி சீனன்குடாப் பக்கத்தில் நங்கூரத்தில் கிடந்தாள். டக்கின் முன்பணத்துக்காகப் பழைய தோணிகளில் இரண்டை விற்றாகிவிட்டது. மிச்சம் இரண்டும் இரவு பகல் ஓடியும் வட்டிக்கே போதவில்லை.

அபூதாஹிர் தம்பலகாமத்து மரத்தை வீணாக்கவில்லை. ஆறு தோணியையும் பக்கீர் முதலாளிக்குக் கட்டினார். ஒரு நாள் பின்னேரம் துறையில் தங்கத்துரை நின்றபோது அவற்றில் முதலில் இறங்கிய மூன்று நெல்லோடு வந்து கட்டின. புதுப் பாய், தண்ணீர் விளிம்புவரை பாரம். கடைசித் தோணியிலிருந்து அபூதாஹிர் இறங்கி வந்தார். தோணி ஒழுகுகிறதோ என்று பார்க்க வந்திருந்தார்.

“ஐயா, சுகமா இருக்கிறீங்களா?”

“இருக்கிறன். தோணி நல்லா ஓடுது.”

“அல்லாவின்ர காத்து, ஐயா. அது இருக்கிற மட்டும் ஓடும்.” அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் தங்கத்துரைக்கு அன்று வீட்டுக்கு நடக்கும் தூரம் நீண்டது.

சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை, சப்பான்காரன் குண்டு போட்டான். பலகாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்த சீதேவி தாச்சியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினாள். ஊர் முழுவதும் கண்டி வீதியில் நடந்தது. மாடு, பாய், பெட்டி, கோழிக்கூடு எல்லாம் நடந்தன. அந்த வீட்டார் தம்பலகாமத்தில் உறவினரின் மாட்டுக் கொட்டிலில் பதினெட்டு நாள் இருந்தார்கள். தங்கத்துரை அங்கேயும் காலையில் வெள்ளை வேட்டி கட்டி, பொத்தான் போட்ட கோட்டு அணிந்துதான் இருந்தார். சீனன்குடாவில் கிழவி புகைபோக்கி மட்டும் தெரியத் தாழ்ந்து கிடக்கிறாள் என்ற செய்தியைக் கதிரவேல் அங்கேதான் கொண்டுவந்தான்.

“ஆள் சேதமோ?”

“இல்லை. காவலுக்கு நிண்டவன் கரைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டானாம். முதல்முறையா ஒருத்தன் வேலையை விட்டுப்போட்டுப் போனது நல்லதாப் போச்சு.” ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்: “அண்ணை, கப்பலுக்குப் போட்ட காப்புறுதியில யுத்தச் சேதமும் இருக்குதோ?”

தங்கத்துரை கொட்டிலின் கூரையைப் பார்த்தார். “பாங்கு எழுதிவந்த கடதாசி. அதை வாசிச்சுக் கேள்வி கேக்கிறதோ?”

யுத்தச் சேதம் அதில் இல்லை.

வைகாசிக் கல்யாணம் தள்ளிப் போனது. ஊர் இன்னும் திரும்பவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஆனி மாதம் தங்கத்துரை கொழும்புக்குப் போனார். வங்கிக்குள் கனகரத்தினம் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பழைய துரை பட்டாளத்துக்குப் போய்விட்டாராம். புதுத் துரைக்கு முப்பது வயது இருக்கலாம். கதிரை கொடுத்தார், தேத்தண்ணி வரவழைத்தார், மேசையில் தடித்த கோப்பொன்றை விரித்து வைத்துக்கொண்டார். அவர் சொன்னதைச் சிறாப்பர் தமிழில் சொன்னார்.

“உங்கட கணக்கு முப்பது வருசமும் சுத்தம் எண்டு கோப்பில கிடக்காம். நடந்ததுக்குத் தான் வருத்தப்படுறாராம். ஒரு விசயம் கேக்கிறார். தோணிக் கம்பனிக்கு ஏன் டக்கு எண்டு.”

தங்கத்துரை நிமிர்ந்து இருந்தார். “மரத்தோணிக்குப் பாங்கு கடன் குடுக்க விரும்பாது எண்டு விளங்கினபடியால்.”

சிறாப்பர் இதை இங்கிலீசில் சொல்லச் சற்று நேரம் எடுத்தார். துரை கோப்பைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார்.

“மரத்தோணிக்கு எண்டு உங்களிட்ட இருந்து ஒரு கடிதமும் இதில இல்லையாம்,” என்றார் கனகரத்தினம். அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது. “காலித் துறைமுகப் பக்கத்தில ரெண்டு பேருக்கு மரத்தோணிக்குக் குடுத்திருக்கினமாம். நீங்கள் கேட்டிருந்தா யோசிச்சிருப்பினமாம்.”

வெளியே றிக்சோக்காரர் கத்திக்கொண்டிருந்தார்கள். தங்கத்துரை தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவில்லை.

“இன்னுமொண்டு,” என்றார் சிறாப்பர். “அவசரமில்லையாம். ஒரு வருசம் தவணை வேணுமெண்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கேட்டா, தான் மேலிடத்துக்குச் சிபாரிசு செய்யிறாராம். எழுதுங்கோ, ஐயா. நான் வேணுமெண்டா எழுதித் தாறன்.”

“என்ர கடிதம் நான் எழுதுவன்.”

அவர் எழுதத்தான் இருந்தார். மூன்று நாள் அந்த முன்மண்டபத்து மேசையில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். அவருடைய தகப்பனின் கடிதங்களும் அவருடைய கடிதங்களும் எப்போதும் ‘அறியத் தருகிறோம்’ என்றுதான் முடிந்திருந்தன. ‘தயவுசெய்து’ என்று தொடங்கிய கடிதம் அந்த மேசையிலிருந்து போனதில்லை. கிழித்த கடதாசிகளைச் சீதேவி ஒவ்வொரு பின்னேரமும் பொறுக்கிக் குசினி அடுப்பில் போட்டாள். மூன்றாம் நாள் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

“கேட்டா என்னண்ணை குறைஞ்சு போயிடும்?”

அவர் கடதாசியை நேராக்கி வைத்தார்.

“கூப்பன் கடையில நாங்கள் எல்லாரும் வரிசையில நிண்டு கேட்டுத்தான் அரிசி வாங்கிறம். கதிரவேல் ரெண்டு மாசம் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டவன். உங்களுக்கு மட்டும் ஏன் வாய் வருகுதில்லை?”

“எழுதிக்கொண்டுதான் இருக்கிறன், சீதேவி.”

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பேனை நுனியில் மை காய்ந்திருந்தது. கோபமாகத்தான் வந்தவள்; அந்தக் கையைக் கண்டதும் கோபம் நிற்கவில்லை.

“விடுங்கோ,” என்றாள். “நீங்கள் குனிஞ்சு நான் கண்டதில்லை. கண்டாலும் எனக்குத் தாங்காது. டொக்யாட்டில வேலை எடுத்துச் செய்யிற கொந்தராத்துக்காரர் நேற்று வீட்டைக் கேட்டு ஆள் அனுப்பினவர். நியாயமான விலை. பாங்குக்கும் குடுத்து, பத்திரகாளி கோயிலுக்குக் கீழ்ப்பக்கம் ரெண்டு அறையோட ஒரு வீடும் வாங்கலாம். ஓலைக்கூரைதான். உறுதி என்ர பேரில. நானே எழுதிக் குடுக்கிறன்.”

இராசமலர் அன்று பகிடி ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு வாசல் நிலையில் இடிக்காமல் திருப்பச் சொல்லிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

புரட்டாதியில், ஓலைக்கூரை வீட்டுக்கு நிலாவெளியிலிருந்து இராசநாயகம் மாஸ்ரர் வந்தார். தனியாக வந்தார். என்ன சொல்ல வருகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் படலையைத் திறப்பதைக் கண்டதும் சீதேவி தமையனிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அண்ணை, மாஸ்ரர் எதைச் சொன்னாலும் ஓம் எண்டு இருங்கோ. பிள்ளைக்காக.”

மாஸ்ரர் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வெயிலின் சூட்டைப் பற்றி, கூப்பன் அரிசியின் கல்லைப் பற்றிக் கதைத்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“தங்கத்துரையர், நான் நேராக் கதைக்கிறன். வீடு போனது எண்டு கேள்விப்பட்டவுடன பெண்சாதி வேண்டாம் எண்டுதான் சொன்னவ. நான் விசாரிச்சனான். ஊர் முழுக்க ஒரே கதைதான் சொல்லுது. பாங்குக்காரன் தான் கழிச்ச கப்பலை உங்கட தலையில கட்டினவன், வாங்காட்டிப் பழைய கணக்கை முடிச்சுப்போடுவன் எண்டு வெருட்டினவன், அந்த வெருட்டிலதான் வீட்டு உறுதியையும் வாங்கினவன் எண்டு. வெள்ளைக்காரன் வெருட்டினா ஆர் என்ன செய்ய ஏலும்? உங்களில பிழையில்லை. ஏமாந்த குடும்பத்தில பெண் எடுக்கலாம். தானாப் போய்ப் பொம்பிளைப்பிள்ளையின்ர வீட்டை அழிச்ச குடும்பம் எண்டாத்தான் யோசிக்க வேணும். பெண்சாதிக்கும் இதைத்தான் சொன்னனான். அவவும் சம்மதம். ரெண்டு அறை எண்டாலும் பரவாயில்லை. ஐப்பசியில வைப்பம்.”

சீதேவி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். உள்ளே இராசமலரின் வளையல் சத்தம் நின்றது. கதிரவேல் மூச்சை விட்டு, “பாருங்கோ அண்ணை, மாஸ்ரரின்ர மனசை,” என்றான்.

 தங்கைச்சி தன்னைப் பார்ப்பது தங்கத்துரைக்குத் தெரிந்தது. அந்த ஊர்க்கதை அவருக்குப் புதிதல்ல. சந்தையிலும் கோயிலிலும் நாலைந்து மாதமாக அவர் காதுபடவே சொன்னார்கள், அனுதாபத்தோடு சொன்னார்கள். ஒருவன் வெருட்டி, அவர் பயந்து, தங்கைச்சியின் கையெழுத்தை வாங்கிக் கொடுத்ததாக. பயந்தவர் என்ற அந்தப் பெயர்தான் அவரை உறுத்தியது. அவர் அதற்கு ஓமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. இன்றைக்கும் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

“மாஸ்ரர், நீங்கள் கேள்விப்பட்டது பிழை. எங்களை ஒருத்தரும் வெருட்டேல்லை. டக்கை வாங்கச் சொல்லிப் பாங்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதை நான் விரும்பி வாங்கினனான். வீட்டு உறுதியையும் நான்தான் தங்கைச்சியிட்டக் கேட்டு வாங்கிக் குடுத்தனான்.”